மூன்றாவது சத்தம்

பின்னால் மட்டும் போனது வண்டி.
டி-யில் போட்டால் உறுமல், அசைவில்லை.
இரண்டிலும் அப்படியே. எல்-லிலும்.
ஆர் மட்டும் பழைய விசுவாசத்தோடு இழுத்தது.
சவரிராயன் கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு
மோல்மீன் ஆற்றோரச் சாலையில் ஒன்றரை மைல்
பின்னாலேயே ஓட்டி வந்தார்.
டீக்கடையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.
ஒரு பையன் கூடவே ஓடினான்,
அவனும் பின்பக்கமாக.
மடியில் கல்யாண வீட்டு ரவிக்கைகள் பதினொன்றுடன்
நான் முன்கண்ணாடியில்
விட்டுப்போகும் தெருவைப் பார்த்தபடி இருந்தேன்.

கோ ஸோ எண்ணெய்க் கம்பியை உருவி மோந்தார்.
கருகிவிட்டது என்று முகமே சொன்னது.
பெட்டிக்கு ஒரு விலை, மாற்ற ஒரு விலை.
முதலாவது கடன்.
இரண்டாவதுக்கு ஒரு புதுத் தையல் மெஷின் வரும்.
"நாமே மாத்திடலாம்" என்றார் இவர்,
மின்விசிறி மாட்டுவது போல.

மியாவடியிலிருந்து டுரியான் லாரியில்
தார்ப்பாய் சுற்றி வந்து இறங்கியது
யாருடைய வண்டியிலோ இருந்த கியர்பாக்ஸ்.
நானும் மோந்து பார்த்தேன்.
டுரியான்.

தகரக் கூரைக்கடியில் நாலு ரயில் கட்டை மேல் வண்டி.
மழை, அதன்பின் மழை.
கழற்றிய போல்ட்டுகள் ஊறுகாய் பாட்டில் மூடிகளில்.
மேலே இரண்டு போல்ட், கண்ணுக்குத் தெரியாதவை;
அவர் கை போகாத இடத்தில் என் கை போனது.
தண்ணீர்க் குழாயை ஸ்பேனரில் செருகி
அவர் தொங்கினார்; நான் விரலால் தடவித் தடவி
"இன்னும் இல்ல, இன்னும் இல்ல, இப்ப" என்றேன்.

நாலாம் நாள் ராத்திரி பதினொன்றுக்குக் கரண்ட் வந்தது.
மூன்றுக்குப் போய்விடும்.
டார்க் கன்வெர்ட்டர்: பெயர்தான் பெரிசு,
இரண்டு வாணலியை வாயோடு வாய் ஒட்டியது போல இருக்கும்.
தள்ளிக்கொண்டே சுற்ற வேண்டும்.
உள்ளே மூன்று படி. படிக்கு ஒரு டொக்.
மூன்றும் இறங்காமல் முடுக்கினால்
பம்பு உடையும், கடன் உடையாது.

"மூணு" என்றார்.
"ரெண்டு" என்றேன்.
"கையில வெச்சிருந்தது நானு."
"ஒண்ணு டோ மியா வீட்டுக் கதவு."

பேசாமல் போல்ட்டை எடுத்தார்.
நானும் பேசாமல் டேப்பை எடுத்தேன்.
பழையது இறங்கிய அன்றே அதன் ஆழத்தை அளந்து
ஆர்டர் நோட்டில் எழுதியிருந்தேன்,
ஒரு மணப்பெண்ணின் தோள் அளவுக்குக் கீழே:
இருபத்தாறு மில்லி.
வாய்க்குக் குறுக்கே ஸ்கேலை வைத்து
உள்ளே டேப்பை விட்டேன்.
பதினைந்து.

நோட்டைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார்.
ஸ்கேல் வளைந்திருக்கிறதா என்றும் பார்த்தார்.
"இரு" என்றார் கடைசியில்.
நான் பெட்டியைப் பிடித்துக்கொள்ள
அவர் சுற்றினார், லேசாக ஆட்டினார், சுற்றினார்.
மணி இரண்டே முக்கால்.
அந்த மூன்றாவது,
கேட்டதைவிடக் கையில் பட்டதுதான் அதிகம்.

ஞாயிறு, பூசைக்குப் போகவில்லை.
சிவப்பு எண்ணெயைக் காகிதப் புனலில் ஊற்றினோம்.
கை முதலில் ஆர்-க்குத்தான் போனது.
பிறகு டி.
ஒரு மூச்சு, ஒன்றும் இல்லை.
அப்புறம் இடுப்பில் ஒரு சின்ன இழுப்பு;
எதிர்ச்சுவர் எங்களை நோக்கி வந்தது.
பிரேக்கை மிதித்துக்கொண்டு
இரண்டு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மூடியில் ஒரு போல்ட் மிச்சம்.
எதனுடையது என்று அவரும் சொல்லவில்லை,
வண்டியும் சொல்லவில்லை.
பட்டன் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.
பகோடா மேட்டில் ஏறும்போதெல்லாம்
அவர் ரேடியோவைக் கூட்டுகிறார்.
நான் குறைக்கிறேன்.